பிகு: நூலிலிருந்து ஆளுக்கு வந்த சொல்

கல்யாண வீடு. மாப்பிள்ளையின் தாய்மாமன் பந்திக்கு வராமல் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. "பசியில்லப்பா, நீங்க சாப்புடுங்க" என்கிறார். பெண் வீட்டுக்காரர் உள்ளே வந்து சொல்வது விழுப்புரத்திலும் ஒன்றுதான், திண்டிவனத்திலும் ஒன்றுதான்: "மாமா ரொம்ப பிகு பண்ணிக்கிறாரு. இன்னொரு வாட்டி போய்க் கூப்புடு." மூன்றாம் முறை கூப்பிட்டால் எழுந்து வருவார் என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

இந்தச் சொல் ஆரம்பத்தில் மாமாக்களுக்கு உரியதாக இருக்கவில்லை. கயிறு, நரம்பு, நூல், கட்டு ஆகியவற்றுக்கு உரியதாக இருந்தது. தொய்யாமல் நிற்கும் இறுக்கம்தான் பிகு. பிகுவு என்றும் சொல்வதுண்டு. கடிதத்தின் அடியில் போடும் பி.கு. வேறு, அது பின்குறிப்பின் சுருக்கம். குரோஷா ஊசியையோ ஸ்வெட்டர் பின்னும் ஊசிகளையோ புதிதாகக் கையில் எடுக்கிறவர் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியில் முட்டிக்கொள்வார்: நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது, அந்த இறுக்கத்தை முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை எப்படி ஒரே அளவில் வைத்திருப்பது? வகுப்புகளில் இதை 'டென்ஷன்' என்கிறார்கள். பாடநூல்கள் 'இழுவிசை' என்னும். பேச்சுத் தமிழோ அதற்கான சொல்லை மாமாவிடம் கொடுத்துவிட்டு மறந்துபோனது.

ஒலி தரும் சாட்சி

பிகு என்று எழுதுகிறோம். வாயில் வருவது 'பல்' என்பதன் ப அன்று. 'பஸ்' என்பதன் ப. தமிழின் சொந்தச் சொற்கள் தொடக்கத்திலேயே இப்படிக் குரல்வளையில் அதிர்வதில்லை. பசி, பிடி, புல், பொய் எல்லாம் அதிராமல்தான் தொடங்குகின்றன. முதல் எழுத்தே அதிர்ந்தால் அந்தச் சொல் வெளியிலிருந்து வந்திருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

பிகு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. தெலுங்கில் பிகி, பிகுவு என்றால் இறுக்கம், விறைப்பு. 1852இல் வெளிவந்த சி. பி. பிரவுனின் தெலுங்கு அகராதியில் இந்தச் சொல் இருக்கிறது. இன்றும் தெலுங்கர்கள் திருகாணியை முடுக்குவதைச் சொல்லும் வினை இதே வேரிலிருந்து வருவதுதான். கை முட்டியை இறுக மடக்குவதற்கும் அதே வினைதான். உடம்பைப் பிடிக்கும் சட்டையை 'பிகுது' என்பார்கள். கன்னடத்தில் 'பிகி' இன்னும் பரபரப்பாக வேலை பார்க்கிறது. முதலமைச்சர் வருகிறார் என்றால் கன்னட நாளிதழில் 'பிகி பந்தோபஸ்து' வந்துவிடும். நம் நாளிதழ்கள் அதையே 'பலத்த பாதுகாப்பு' என்கின்றன.

தமிழுக்கு இந்தக் குடும்பத்தில் சொந்தமாக எதுவும் இல்லையா? 'வீக்கு' என்று ஒரு பழைய வினை உண்டு. இறுகக் கட்டு என்பது பொருள். அதன் இணை 'வீங்கு': இறுகு, பூரி, பெருகு. தமிழில் வகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும். வில் அங்கே பில்லு, வேர் அங்கே பேரு, வாழை பாளெ, வெள்ளி பெள்ளி. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் வீக்கும் பிகியும் ஒலியிலும் பொருளிலும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது தெரியும். தமிழில் வீக்கு வழக்கிழந்தது; 'வீக்கம்' மருத்துவரிடம் காட்ட வேண்டிய ஒன்றாக மிஞ்சியது. காலியான இடத்தில் பிகு வந்து அமர்ந்தது.

தென்னிந்திய மொழிகளை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முறையை நிலைநிறுத்திய புத்தகம் 1856இல் வந்த ராபர்ட் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். அதை எழுதியவரின் வீட்டுக்கும் நூலின் பிகுவுக்கும் வேறொரு தொடர்பும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

செஞ்சி வழியாக

திண்டிவனத்திலிருந்து மேற்கே போனால் செஞ்சி. விஜயநகரத்தின் ஆளுகையிலும், அதன் கீழிருந்து எழுந்த நாயக்கர்களின் ஆட்சியிலும் இந்தப் பகுதி நெடுங்காலம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர்ப் படை கோட்டையைப் பிடிக்கும்வரை அரண்மனையிலும் பாளையத்திலும் கணக்குச் சாவடியிலும் தெலுங்கு செல்வாக்கோடு புழங்கியது. நாயக்கர்கள் போன பிறகும் தெலுங்கு போகவில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் இன்றைக்கும் ஏராளம். இரண்டு மொழியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் சொற்கள் கைமாறாமல் இருக்குமா?

அப்படி வந்தவற்றின் பட்டியலைப் பார்த்தால், வந்த வழியும் தெரிகிறது. ரவிக்கை தெலுங்கு. சொகுசு தெலுங்கு, அங்கே அழகு என்ற பொருளில் இருந்தது இங்கே வசதியாயிற்று. தெம்பு தெலுங்கு. கடன் கட்டுவதற்கு வாங்கும் கெடுவும் தெலுங்கு. உடுப்பு, உடம்பு, கொடுக்கல் வாங்கல் என்று அன்றாடம் புழங்கும் இடங்களில்தான் இவை நுழைந்திருக்கின்றன. புலவர்கள் கொண்டுவந்த சொற்களாக இருந்தால் நிகண்டில் நின்றிருக்கும். இவை சந்தையிலும் அடுக்களையிலும் நின்றன.

பிகுவுக்கு இன்னொரு வாசலும் இருந்தது, அது கச்சேரி. தியாகராஜர் (1767–1847) உள்ளிட்டோரின் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தமிழ்நாட்டுப் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்ததால், தெலுங்குச் சொற்கள் சங்கீதப் பேச்சில் சகஜமாயின. காலப்பிரமாணம் சற்றும் தளராமல், ஓடவும் செய்யாமல் ஒருவர் பாடினால் 'பிகுவாகப் பாடுகிறார்' என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. மாமாவைச் சொல்லும்போது குறையாக ஒலிக்கும் அதே சொல் இங்கே பாராட்டு. நூலுக்குரிய பழைய பொருள் முழுசாக உயிர் பிழைத்திருப்பது இந்த மேடைப் பேச்சில்தான்.

வந்த சொல்லை உருட்டித் தன் வாய்க்கு ஏற்றதாக்கிக்கொள்வது இந்த ஊர்களுக்குப் பழகிப்போன வேலை. திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம் தேய்ந்து வந்தது. திந்திரிணி என்றால் வடமொழியில் புளியமரம். ஊர்ச் சிவன் கோயிலின் மூலவர் திந்திரிணீசுவரர். புளியங்காடு என்று சொந்தச் சொல் கைவசம் இருந்தும், ஊர் வடமொழிப் பெயரை எடுத்து, உருட்டி, திண்டியாக்கி வைத்துக்கொண்டது. பிகுவு வாலைக் கழற்றிவிட்டுப் பிகுவானதும் அதே பழக்கத்தால்தான்.

நூலில் இருந்து குணத்துக்கு

நூலைச் சொன்ன சொல் ஆளைச் சொல்லப் போனது எப்படி? தனியாகப் போகவில்லை, கூட்டமாகத்தான் போயிற்று. நூல் வேலைக்காரர்களின் சொற்களை எடுத்து மனிதரின் மனநிலைக்குச் சூட்டுவது தமிழின் நெடுநாள் வழக்கம்.

முறுக்கு நூலுக்குத் தேவை. முறுக்கிக்கொண்டு போகிறவன் மருமகன். விறைப்பு கயிற்றில் இருந்தால் நல்லது, அதிகாரியிடம் இருந்தால் கஷ்டம். சிக்கல் நூலில் விழுவது. இப்போது குடும்பத்திலும் பட்ஜெட்டிலும் விழுகிறது. பிணங்குதல் என்றால் முதலில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளுதல்; பிறகு அது மனஸ்தாபம் ஆயிற்று, பிணக்கு என்ற பெயரும் பெற்றது. நெகிழ்தல் என்பது கட்டுத் தளர்ந்து நழுவுதல். பழம்பாட்டுகளில் பிரிவால் மெலிந்த தலைவியின் கையிலிருந்து வளை நெகிழும். இன்றைக்கு மேடையில் பரிசு வாங்குகிறவர் நெகிழ்கிறார். 'தொய்வு' கொடிக்கயிற்றிலிருந்து கட்சிப் பணிக்குப் போய்விட்டது.

இவற்றில் ஒவ்வொன்றும் இறுக்கத்தின் ஒரு நிலையைச் சொல்கிறது. முறுக்கு தன்மேல் தானே சுற்றிக்கொள்வது. விறைப்பு வளையாதது. தொய்வில் பிடியே இல்லை. நெகிழ்ச்சியில் பிடி இருந்து விட்டுப்போகிறது. பிகுவுக்கு மட்டும் தனி இடம். மாமா பிகு பண்ணுகிறார் என்கிறோமே, அவர் கோபித்துக்கொண்டு ஊருக்கே கிளம்பியிருந்தால் அப்படிச் சொல்ல மாட்டோம். அதற்கு முறுக்கு என்று பெயர். கூப்பிட்டதும் எழுந்து ஓடிவந்திருந்தாலும் சொல்ல மாட்டோம். கொஞ்சம் பிடித்துவைத்து, தக்க நேரத்தில் விட்டுக்கொடுக்கிறவருக்குத்தான் பிகு பொருந்தும். விடப்போகிற பிடி என்று அதற்குப் பொருள் எழுதலாம். பின்னல் கற்றுக்கொள்கிறவருக்கு வேண்டியது மிகச் சரியாக இதுதான்.

டென்ஷனுக்கும் தந்திக்கும் உறவு

பின்னலுக்குப் போவதற்கு முன் எதிர்க்கட்சியையும் பார்த்துவிடுவோம். டென்ஷன் என்ற சொல்லை இன்று தமிழில் கேட்டால் இரத்தக் கொதிப்பும் பரீட்சை முடிவும் நினைவுக்கு வரும். ஆனால் தையற்கடையில் அது வேறு. உஷாவோ சிங்கரோ, எந்த மெஷினிலும் மேல் நூல் இரண்டு வட்டத் தகடுகளுக்கு இடையில் நுழைந்து வரும். அந்தத் தகடுகளை அழுத்தும் சுருள்வில்லுக்கு ஒரு திருகு. 'டென்ஷன் டைட்டா இருக்கு', 'டென்ஷனக் கொஞ்சம் லூஸ் பண்ணு' என்பது கடைக்காரர் நாள் முழுக்கப் பேசும் பேச்சு. அடி நூல் மேலே தலைகாட்டினால் மேல் டென்ஷன் அதிகம். மேல் நூல் கீழே போய்ப் புழுப்போல் சுருண்டால் டென்ஷன் போதவில்லை. கடைக்காரர் திருகிக்கொண்டிருப்பது சொல்லின் அசல் பொருளைத்தான்.

லத்தீனில் தெந்தெரே என்றால் நீட்டு, இழு. அதிலிருந்து டென்ஷன். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூதாதை மொழியில் 'தென்' என்று ஒரு வேர் இருந்ததாக மொழியியலார் கண்டிருக்கிறார்கள். அது வடமொழியில் 'தன்' ஆகி, நீட்டுதல், விரித்தல் என்ற பொருளில் நின்றது. நீட்டப்பட்டது தந்து, அதாவது நூல். நூலை நீட்டிக் கட்டியது தந்த்ரம், அதாவது தறி, பாவு. நீட்டிக் கட்டிய நரம்பு தந்த்ரீ. கிரேக்கத்தில் இதே வேர் 'தோனோஸ்' ஆகி, இழுத்த நரம்பின் ஒலியைக் குறித்து, ஆங்கிலத்தில் 'டோன்' ஆயிற்று.

இவை எல்லாம் தமிழுக்கு வந்து சேர்ந்தன. தறி இங்கே தந்திரமாகி சூழ்ச்சிக்காரர் கையில் மாட்டிக்கொண்டது. நரம்பு தந்தியாகி வீணையில் இருந்தது. மின்கம்பி வந்ததும் அதில் ஏறி அஞ்சலகத்துக்குப் போய், நாளிதழுக்கும் பெயராகி, 2013 ஜூலையில் அரசு தந்திச் சேவையை நிறுத்தியதும் அந்த வேலையிலிருந்து மட்டும் ஓய்வு பெற்றது. உயிரியல் பாடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்க்குத் தந்துகி என்று பெயர். ராகம் தானம் பல்லவியில் வரும் தானமும் நீட்டுவதுதான். கைப்பேசி அடித்தால் ரிங்டோன். ஆக, 'தந்தி அறுந்துபோச்சு' என்கிறவரும் 'டென்ஷன் தாங்கல' என்கிறவரும் ஒரே வேரிலிருந்து எடுத்த சொற்களைத்தான் பேசுகிறார்கள்.

டென்ஷன் ஐரோப்பாவில் நரம்பிலிருந்து மனத்துக்குப் போனது. பிகு தென்னிந்தியாவில் கட்டிலிருந்து குணத்துக்குப் போனது. தொடர்பில்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. ஆனால் போய்ச் சேர்ந்த இடங்கள் வேறு. டென்ஷன் ஆகிறவருக்கு அது தன் வசத்தில் இல்லை. பிகு பண்ணுகிறவருக்கு அது முழுக்கத் தன் வசத்தில் இருக்கிறது.

முடிச்சும் கொக்கியும்

இந்தக் கைவேலைகளின் பெயர்களையும் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தின் 'நிட்' பழைய ஆங்கிலத்தில் முடிச்சுப் போடுதலைக் குறித்தது; முடிச்சு என்ற பொருள் தரும் 'நாட்' அதன் உடன்பிறப்பு. குரோஷா பிரெஞ்சுச் சொல், சின்னக் கொக்கி என்று பொருள். ஆங்கிலமும் அதைப் பிரெஞ்சிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் இருந்தார்கள் என்பதால் இந்தப் பக்கத்து வாய்க்கு அது அந்நியமாக ஒலிப்பதில்லை. தமிழ் இரண்டுக்கும் சேர்த்துப் பின்னல் என்று வைத்துக்கொண்டது. சடைக்கும் அதே சொல், சிக்குக்கோலத்துக்கும் அதே சொல், திருப்பூர் பனியனுக்கும் பின்னலாடை என்று அதே சொல்.

பெயரில் முடிச்சு இருந்தாலும் பின்னலில் உண்மையான முடிச்சு தொடக்கத்திலும் முடிவிலும்தான். நடுவில் இருப்பதெல்லாம் கண்ணிகள். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி. நுனியைப் பிடித்து இழுத்தால் முழுதும் உருவிக்கொண்டு வந்துவிடும். புதிதாகக் கற்கிறவரின் கை இதை நம்புவதில்லை. அவிழ்ந்துவிடுமோ என்று ஒவ்வொரு கண்ணியையும் முடிச்சாக நினைத்து இழுத்து இறுக்குகிறது. அடுத்த வரிசையில் ஊசி அதற்குள் நுழைய மாட்டேன் என்கிறது.

பிரிட்டிஷ் புத்தகங்கள் 'டென்ஷன்' என்பதையே அமெரிக்கப் புத்தகங்கள் 'கேஜ்' என்கின்றன. பிரிட்டிஷ்காரரின் டபுள் குரோஷா அமெரிக்கருக்கு சிங்கிள் குரோஷா. நம் ஊரில் கற்றுக்கொள்கிறவருக்கு இரண்டு நாட்டுக் குறிப்புகளும் கலந்துதான் கைக்கு வருகின்றன. எந்த நாட்டுக் குறிப்பு என்று முதலில் பார்த்துக்கொள்ளாவிட்டால் பிகு சரியாக இருந்தும் உருப்படி தப்பாக வரும்.

விரலில் இருக்கும் பிகு

விழுப்புரம் பக்கத்துச் சிறுவந்தாட்டுப் பட்டுத் தறியில் பாவைப் பிடித்து வைப்பது மரம். ஒரு முனையிலும் மறு முனையிலும் கட்டி முடுக்கிவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளும் ஒன்றுபோல் விறைத்து நிற்கும். குரோஷாவில் தறி கிடையாது. தறி செய்கிற வேலை ஐந்து விரலுக்கு வந்துவிடுகிறது.

திண்டிவனத்தில் ஏறிய பயணிகள் ரயிலில் எதிர் இருக்கையில் ஓர் அத்தையும் அவர் அண்ணன் மகளும். மயிலம் வரும்வரை அந்தப் பெண் இழுத்து இழுத்துச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை கடலை கொறித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பேரணி தாண்டியதும் பொறுக்க முடியவில்லை.

"ஏன்டி, நூலு என்ன உனக்குக் கடன் தரணுமா? அந்த இழு இழுக்குற."

"விட்டா லூசாயிடுது அத்தே."

"யாரு விடச் சொன்னா? சுண்டு விரல்ல ஒரு சுத்து சுத்து. ஆங். அப்பிடியே நடு ரெண்டு விரலுக்கும் அடியில வுட்டு ஆள்காட்டி மேல ஏத்து. இப்ப ஊசியால கூப்புடு, அது வரும். நீ போயி இழுக்காத."

பெண்ணின் கையில் நூல் நகரத் தொடங்கியது. சுண்டு விரலின் சுற்றுத்தான் தடை. ஆள்காட்டி விரல் நூலை மேலே தூக்கி ஊசிக்கு நீட்டுகிறது. ஊசி நூலை எடுக்கும்போது விரல்களின் உராய்வு சற்றே மறுத்து, பிறகு தருகிறது. ஒவ்வொரு கண்ணிக்கும் அதே அளவு மறுப்பு. விக்கிரவாண்டி வருவதற்குள் சங்கிலியின் கண்கள் ஒரே அளவில் விழ ஆரம்பித்துவிட்டன. அத்தை மறுபடியும் கடலைக்குத் திரும்பினார்.

சுற்று எத்தனை என்பதில் சட்டம் இல்லை. வழுக்கும் அக்ரிலிக் நூலுக்குச் சுண்டு விரலில் இரண்டு சுற்று வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்த்துப் பருத்தி நூல் ஒட்டிக்கொண்டால் ஒரு சுற்றே அதிகம். கம்பளிக்குக் கொஞ்சம் நீளும் குணம் உண்டு, பிசகினாலும் மன்னித்துவிடும். பருத்தி நீளாது, பிசகை அப்படியே காட்டிக்கொடுக்கும். நூல்கண்டு தரையில் உருண்டு எங்காவது மாட்டி வெடுக்கென்று இழுபடும் இடத்தில் ஒரு கண்ணி இறுகிவிடும். கண்டைக் கிண்ணத்தில் போட்டு, முன்கூட்டியே ஒரு முழம் உருவி வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது விஷயம், கண்ணி எங்கே உட்காருகிறது என்பது. குரோஷா ஊசியில் தலை, அதற்கடுத்து ஒடுங்கிய கழுத்து, அதன் பிறகு உருண்டையான தண்டு. '4 மி.மீ.' என்று பொறித்திருப்பது தண்டின் அளவு. கண்ணியைக் கழுத்திலேயே இறுக்கிவிட்டால் 4 மி.மீ. ஊசியால் 3 மி.மீ. கண்ணி போடுகிறோம் என்று ஆகும். கண்ணியைத் தண்டுவரை தள்ளி, தண்டே அளவெடுக்கும்படி விட்டால் கை எவ்வளவு பதறினாலும் கண்ணிகள் ஒத்துப்போகும். இரண்டு ஊசியில் பின்னும்போதும் இதே கதைதான்: கூரான நுனியில் கண்ணி உருவானால் சிறுக்கும், முழுத் தடிமனுக்கு ஏறினால் சரியாக அமையும்.

தொடக்கச் சங்கிலி இறுகிப்போகிறதென்றால் அதை மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியால் போடுவது பழைய உபாயம். வரிசையின் நடுவில் வேலையை நிறுத்தி எழுந்து போவதைவிட, வரிசையை முடித்துவிட்டுப் போவது நல்லது. திரும்பி வரும் கை பழைய பிகுவோடு வராது.

எல்லாவற்றுக்கும் சாட்சி மாதிரிச் சதுரம். உருப்படியைத் தொடங்குமுன் 10 செ.மீ.க்குச் சற்றுப் பெரிதாக ஒன்று பின்னி, நடுவில் 10 செ.மீ. அளந்து, அதற்குள் எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். குறிப்பில் 20 என்றிருந்து கையில் 24 வந்தால் இறுக்கம் அதிகம். நாலுதானே என்று விட்டால், 100 கண்ணியில் 50 செ.மீ. அகலம் வர வேண்டிய துண்டு 42 செ.மீ.கூட வராது. இதற்காகக் கையை மிரட்டித் திருத்த வேண்டாம், ஊசியை மாற்றலாம். இறுக்கிப் பிடிக்கும் கைக்குப் பெரிய ஊசி, தளர்ந்த கைக்குச் சிறிய ஊசி. கையின் பிகு கையெழுத்துக்குச் சமம், ஆளுக்கு ஆள் வேறுபடும். அது எவ்வளவு என்பதைவிட, ஒரே அளவில் இருக்கிறதா என்பதே முக்கியம்.

எடை கொடுக்கும் பிகு, சக்கரம் கொடுக்கும் பிகு

கால்டுவெல் வீட்டுக்கு இப்போது போகலாம். அவர் மனைவி எலிசா, நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மகள். தாயார் திருமதி மால்ட் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். 1844இல் கால்டுவெல்லை மணந்து, அவர் பணியாற்றிய இடையன்குடிக்கு வந்த எலிசா அந்த வேலையை அங்கே பரப்பினார். இது கொக்கி இல்லாத பின்னல். திண்டின்மேல் குண்டூசி குத்தி, ஒவ்வொரு நூலின் முனையிலும் சின்னக் கட்டை தொங்கவிட்டு, கட்டைகளை இடம் மாற்றி மாற்றிப் போட லேஸ் உருவாகும். நூலின் பிகுவைக் காப்பது தொங்கும் கட்டையின் எடை. எடை மாறாததால் பிகுவும் மாறாது. கணவர் திராவிட மொழிகளின் இழைகளைப் பிரித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்த அதே ஊரில் மனைவி பெண்களின் கையில் இழைகளைக் கோக்கக் கொடுத்திருக்கிறார்.

திருப்பூரில் இந்த வேலையைச் சக்கரம் செய்கிறது. வட்டப் பின்னல் எந்திரத்தில் நூலை இறுக்கிப் பிடிப்பதோடு நிற்பதில்லை. ஒரு சுற்றுக்கு இத்தனை நீளம் நூல் என்று அளந்து ஊட்டும் சக்கரங்கள் உண்டு. பனியன் கம்பெனிக்காரர்கள் 'லூப் லெங்த்' என்று சொல்வது ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூலின் நீளம். அது சீராக இருந்தால் துணியின் எடையும் அகலமும் சீராக இருக்கும். எந்திரம் ஏற்றுக்கொண்ட இந்த உண்மை கைக்கும் பொருந்தும். நாம் சீராக்க வேண்டியது இழுக்கும் பலத்தை அன்று. ஒவ்வொரு கண்ணிக்கும் விட்டுக்கொடுக்கும் நூலின் நீளத்தை. இழுப்பதைப் பற்றி யோசிக்கிற கை இறுகும், கொடுப்பதைப் பற்றி யோசிக்கிற கை தானாகச் சீராகும்.

அதனால்தான் 'இறுக்கம்' என்ற சொல் வகுப்பில் கைகொடுப்பதில்லை. இறுக்கச் சொன்னால் மாணவி இறுக்கிவிடுகிறாள். 'இழுவிசை' இழுக்கச் சொல்கிறது. 'டென்ஷன்' என்றால், ஏற்கெனவே அது மனத்தில் வேறு விதமாக இருக்கிறது; 'டென்ஷன் ஆகாதே' என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் 'டென்ஷன் சரியா வை' என்றால் எந்தப் பெண்தான் குழம்பாமல் இருப்பாள்? பிகு இந்த மூன்றிலும் இல்லாத ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது: பிடித்தும் வை, கேட்டால் விட்டும் கொடு.

தெலுங்கோ கன்னடமோ, எங்கிருந்து வந்திருந்தாலும் அது இப்போது நம் வீட்டுச் சொல். வரையறுத்துச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாமா எப்படிப் பிகு பண்ணுவார் என்பது கற்க வருகிற எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லைக் கல்யாணப் பந்தலிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிப் பின்னல் வகுப்புக்குக் கொடுத்தால், 'நூலுகிட்ட லேசா பிகு பண்ணிக்கோ, ரொம்பப் பண்ணாதே' என்ற ஒரே வாக்கியத்தில் ஆசிரியையின் பாதிப் பாடம் முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு மாதிரிச் சதுரமும் அளவுகோலும் இருக்கின்றன.